யாரும் கொடுக்க விரும்பாத பணம்

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபன்கள் காபூலுக்குள் நுழைந்தபோது ஆப்கானிஸ்தானின் மருத்துவமனைகள் இடிந்துவிழவில்லை. கட்டடங்கள் அப்படியே இருந்தன, எக்ஸ்ரே கருவிகளும் இருந்தன. மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பெரும்பாலோர் பணிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். சம்பளம் மட்டும் நின்றுபோனது. அந்நாட்டு அரசின் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டு மானியத்தை நம்பியிருந்தது. உலக வங்கி தன் நிதியை நிறுத்திவைத்தது. ஆப்கன் மத்திய வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த சுமார் 700 கோடி டாலர் முடக்கப்பட்டது. கொடையாளர்களின் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்களில் மருந்து வாங்கக் காசில்லை, மாதச் சம்பளமும் இல்லை. அந்த நவம்பரில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு மருத்துவமனை ஊழியர்களின் சம்பளத்தைத் தானே ஏற்கத் தொடங்கியது. 33 மருத்துவமனைகள்வரை விரிந்த அந்த ஏற்பாடும் நிதி நெருக்கடியில் 2023இல் முடிவுக்கு வந்தது.

இருபது ஆண்டுகளில் ஆப்கன் மறுகட்டுமானத்துக்கென்று அமெரிக்கா மட்டும் ஒதுக்கிய தொகை சுமார் 14,500 கோடி டாலர். பாதிக்கு மேல் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் போனது என்றாலும், மிச்சமே பெருந்தொகைதான். அவ்வளவு பணம் பாய்ந்த பிறகும் ஒரு செவிலியரின் மாதச் சம்பளத்துக்கு உள்நாட்டில் வழி பிறக்கவில்லை. போர் ஓய்ந்த நாடுகளில் பள்ளி, மருத்துவமனை, மின்சாரம், குடிநீர், சந்தை ஆகியவற்றை மீட்க உலகம் செய்யும் உதவியைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை அதை ஒரே கேள்வியின் வழியாகப் பார்க்கிறது: பொதுச்சேவையில் இருப்பவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் கொடுப்பது யார்? என் பார்வையில் உதவியின் வெற்றி தோல்வியைப் பெருமளவுக்கு இந்தக் கேள்வியே தீர்மானிக்கிறது. கொடையாளர் மாநாடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

உலக வங்கி என்று நாம் அழைக்கும் அமைப்பு 1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் உருவானபோது அதன் பெயரிலேயே மறுகட்டுமானம் இருந்தது. அதன் முதல் கடன், 25 கோடி டாலர், 1947இல் பிரான்சுக்குப் போனது. அடுத்து 1948 முதல் 1952 வரை மார்ஷல் திட்டத்தில் ஐரோப்பாவின் 16 நாடுகளுக்கு அமெரிக்கா சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்தது. இன்றும் எந்த நாட்டில் போர் முடிந்தாலும் “அங்கே ஒரு மார்ஷல் திட்டம் வேண்டும்” என்று யாராவது சொல்கிறார்கள். ஆனால் அன்றைய ஐரோப்பாவில் வரி வசூலிக்கும் அதிகாரி இருந்தார், அஞ்சல்காரர் இருந்தார், பொறியாளர்களும் பேராசிரியர்களும் இருந்தார்கள். இல்லாதவை நிலக்கரியும் இயந்திரமும் அவற்றை வாங்க டாலரும். அவை வந்ததும் நாடுகள் எழுந்தன. அந்த வெற்றியிலிருந்து உதவி உலகம் தவறான பாடம் ஒன்றைக் கற்றது. போர் அழிப்பது கட்டடங்களையும் பாலங்களையும்தான், அவற்றைக் கட்டிக்கொடுத்துவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று அது நம்பிவிட்டது.

இந்த நம்பிக்கை நிதி விதிகளிலும் பதிந்துவிட்டது. கட்டடம், சாலை, கருவி போன்ற மூலதனச் செலவுக்கு வெளியுதவி தரலாம். சம்பளம், மருந்து, பராமரிப்பு போன்ற தொடர்செலவை உள்நாட்டு அரசே ஏற்க வேண்டும் என்பது நெடுங்கால மரபு. கொடையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. சம்பளம் கொடுக்கத் தொடங்கினால் நிறுத்தும் நாள் வராது. இல்லாத ஊழியர்களின் பெயரில் பணம் சுருட்டப்படும். தங்கள் நாடாளுமன்றத்துக்குக் காட்ட ஒரு கட்டடம்கூட மிஞ்சாது. ஆனால் வரி கொடுக்க மக்களிடம் வருமானமும், வசூலிக்க அரசிடம் ஆளும் இல்லாத இடத்தில், தொடர்செலவை நீயே பார்த்துக்கொள் என்றால் பள்ளிக்கூடம் திறப்புவிழாவோடு நின்றுவிடும்.

மரபு முதலில் தெளிவாக உடைந்தது பாலஸ்தீனத்தில். ஒஸ்லோ உடன்பாட்டுக்குப் பின் உருவான பாலஸ்தீன ஆணையத்துக்கு ஆசிரியர் சம்பளத்தையும் அலுவலகச் செலவையும் தருவதற்காகவே 1994இல் உலக வங்கியின் பொறுப்பில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. நார்வேயின் வெளியுறவு அமைச்சராக இருந்து அவ்வாண்டுத் தொடக்கத்தில் மறைந்த யோஹான் ஹோல்ஸ்ட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். பல நாடுகள் ஒரே பானையில் பணம் போடுவது, செலவைத் தணிக்கை செய்த பிறகு விடுவிப்பது என்ற முறை இதிலிருந்து வளர்ந்தது. பின்னாளில் ஆப்கானிஸ்தானில் 2002இல் அமைந்த மறுகட்டுமான அறக்கட்டளை நிதியும் இதே வகையைச் சேர்ந்தது.

கிழக்குத் திமோரைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை ஒரு நாட்டை முழுதாகத் தானே ஆண்டு, பின் மக்களிடம் ஒப்படைத்த இடம் அது. 1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதத்தினர் இந்தோனேசியாவிலிருந்து பிரிவதற்கு வாக்களித்தார்கள். அடுத்த சில வாரங்களில் இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. நாட்டின் கட்டுமானங்களில் சுமார் 70 சதவீதம் அழிந்ததாக மதிப்பிட்டார்கள். அதைவிடப் பெரிய இழப்பு ஆட்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோரும், மருத்துவர்களிலும் மேல்நிலை அலுவலர்களிலும் மிகப் பலரும் இந்தோனேசியர்கள். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் சில நாட்களில் வெளியேறினார்கள். நாட்டில் எஞ்சிய மருத்துவர்கள் முப்பது பேருக்கும் குறைவு.

அக்டோபரில் செர்ஜியோ வியெரா டி மெல்லோ தலைமையில் ஐ.நா. நிர்வாகம் அமைந்தது. சட்டம் இயற்றவும் வரி விதிக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. ஆனால் முதல் மாதங்களில் பள்ளிகளைத் திறந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். கூரையில்லாத வகுப்பறைகளில் உள்ளூர் இளைஞர்கள் பாடம் நடத்தினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அரிசியும் சிறு ஊக்கத்தொகையும். அதே வேளையில் தலைநகர் டிலியில் வெளிநாட்டு ஊழியர்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்ட மிதக்கும் விடுதியில் தங்கினார்கள். ஐ.நா. வண்டியின் ஓட்டுநர் வாங்கும் சம்பளம் ஆசிரியரின் சம்பளத்தைவிடப் பல மடங்கு அதிகம். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர்கள் வகுப்பறையை விட்டு வண்டி ஓட்டவும் மொழிபெயர்க்கவும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் குடும்பத்தைக் காப்பாற்ற யாரும் அதைத்தான் செய்வார்கள். குறை, ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு சம்பள அளவுகோல்களைக் கொண்டுவந்தவர்களுடையது.

சுகாதாரத் துறையில் திமோர் வேறு வழி கண்டது. தொடக்கத்தில் ஒவ்வொரு மாவட்டத்தையும் ஒரு தொண்டு நிறுவனம் கையில் எடுத்திருந்தது. 2000இல் திமோரியர்களும் வெளிநாட்டவரும் சேர்ந்த இடைக்கால சுகாதார அமைப்பு ஒன்றை நிறுவி, எல்லாத் தொண்டு நிறுவனங்களும் ஒரே திட்டத்துக்குள் வேலை செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். 2001 முதல் அவை படிப்படியாக விலக, அரசு ஊழியர்கள் அரசுச் சம்பளத்தில் பொறுப்பேற்றார்கள். மருத்துவர் பஞ்சத்துக்குக் கியூபா உதவியது. 2004 முதல் கியூப மருத்துவர்கள் மலைக் கிராமங்கள்வரை சென்றார்கள். திமோர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கியூபாவில் மருத்துவம் படித்துத் திரும்பினார்கள். பணக்கார நாடுகள் நிபுணர்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் அனுப்பிக்கொண்டிருந்தபோது, ஏழை நாடு ஒன்று பத்தாண்டுக் கணக்கில் யோசித்தது. இக்கட்டுரையில் வரும் உதவிகளிலேயே நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

சம்பளத்துக்கான நிலையான வழி திமோருக்குக் கடலுக்கு அடியிலிருந்து வந்தது. 2005இல் நார்வேயைப் பார்த்து அமைத்த பெட்ரோலிய நிதியிலிருந்து அரசு ஆண்டுதோறும் பணம் எடுக்கிறது. ஆனால் முதன்மை வயலான பாயு-உண்டான் வற்றிவிட்டது. எண்ணெய்க்கு அப்பால் வரி கொடுக்கும் பொருளாதாரம் இன்னும் முளைக்கவில்லை.

மொசாம்பிக்கில் சிக்கல் வேறு. 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் கையெழுத்தான உடன்பாடு பதினைந்து ஆண்டுப் போரை முடித்தது. ரெனாமோ என்ற கிளர்ச்சி அமைப்பின் படைகள் குறிவைத்துத் தாக்கியவற்றில் கிராமப் பள்ளிகளும் மருந்தகங்களும் முக்கியமானவை. அவற்றை மீண்டும் கட்டப் பணம் கொட்டியது. ஆனால் அதே ஆண்டுகளில் சர்வதேச நாணய நிதியம் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்காக அரசுச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. செவிலியரின் சம்பளத்தின் மதிப்பு குடும்பம் நடத்த முடியாத அளவுக்குச் சரிந்தது. நோயாளியிடம் கைநீட்டுவது வழக்கமானது. மருத்துவமனைக்குத் தர வேண்டிய மருந்து சந்தைக்குப் போனது. ஒரு கை கட்டடம் கட்டிக்கொடுத்தது, இன்னொரு கை அதற்குள் உட்காருபவரை வெளியே தள்ளியது. தொண்டு நிறுவனங்கள் அரசு மருத்துவர்களைக் கூடுதல் பணம் கொடுத்து இழுத்தன. இப்படிச் சிதறிய உதவியை ஒழுங்குபடுத்த, 2000இல் கயா குவாங்கா என்ற இடத்தில் கொடையாளர்களும் சுகாதார அமைச்சகமும் ஒரு நடத்தை உடன்பாட்டுக்கே வரவேண்டியிருந்தது.

அதே மொசாம்பிக்கில் நல்ல முன்மாதிரியும் உண்டு. படையிலிருந்து விடுவித்த சுமார் 90,000 வீரர்களுக்கு அரசு ஆறு மாத ஊதியம் கொடுத்தது. அதன்பின் கொடையாளர் பணத்தில் இன்னும் 18 மாதங்கள் தவணைத் தொகை கிடைத்தது. பயிற்சி முகாம், தையல் இயந்திரம் என்று சுற்றிவளைக்காமல் சொந்த ஊருக்கு அருகில் உள்ள வங்கிக் கிளையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்தவன் இரண்டு ஆண்டுகள் ஊரில் இருந்து விதைக்கவும் வீடு கட்டவும் திருமணம் செய்யவும் அது இடம்கொடுத்தது.

சம்பளப் பணத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அழிந்த ஒரு சிற்றூரில் மாதம் தவறாமல் ரொக்கம் பெறுபவர்கள் ஆசிரியரும் செவிலியரும் மட்டுமே. அரிசிக்கடை அவர்களுக்குக் கடன் கொடுக்கும். கொத்தனாருக்கு முதல் வேலை அவர்கள் வீட்டில் கிடைக்கும். பொதுச்சேவையை மீட்பது ஒரு துறை, பொருளாதாரத்தை மீட்பது வேறு துறை என்று அறிக்கைகளில் தனித்தனி அத்தியாயம் போடுகிறார்கள். ஊரில் அவை இரண்டும் ஒரே பணம். ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து வந்து, சிமென்டையும் கம்பியையும் ஆட்களையும் கொண்டுவந்து கட்டும் பாலத்தின் பணம் ஊரில் தங்குவதில்லை.

சம்பளமே சேவையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு சான்றுகள். சியரா லியோனில் 2002இல் போர் முடிந்தது. 2010 ஏப்ரல் 27 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச சிகிச்சை என்று அறிவித்தார்கள். கூட்டம் அலைமோதும், எங்கள் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் மார்ச் மாதமே வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தியது. உயர்வின் ஒரு பகுதியை பிரிட்டனின் உதவி நிறுவனமும் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கான உலகளாவிய நிதியமும் சில ஆண்டுகளுக்கு ஏற்க ஒப்புக்கொண்டன. முதலில் சம்பளப் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும், பணிக்கு வராதவருக்குப் பிடித்தம் செய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள். நூற்றுக்கணக்கான போலிப் பெயர்கள் நீங்கின. முதல் ஆண்டிலேயே சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை இருமடங்கைத் தாண்டியது. மருந்து திருட்டுப்போனது, தட்டுப்பாடும் இருந்தது. ஆனாலும் நோயாளி வந்த நேரத்தில் செவிலியர் அங்கே இருந்தார்.

பக்கத்து நாடான லைபீரியாவில் 2003இல் போர் ஓய்ந்தது. அங்கே கொடையாளர்களின் கவலை ஊழலைப் பற்றியது. 2005இல் செய்த உடன்பாட்டின்படி மத்திய வங்கியிலும் துறைமுகம், விமான நிலையம் போன்ற அரசு நிறுவனங்களிலும் வெளிநாட்டு நிபுணரின் இணைக் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாமல் இருந்தது. இறையாண்மைக்குக் கசப்பான ஏற்பாடு. அரசு வருவாய் உயர்ந்ததும் உண்மை. எலன் ஜான்சன் சர்லீஃப் 2006இல் அதிபரானார். 2010இல் பெருங்கடன்கள் தள்ளுபடியாயின. ஆனால் சுகாதார ஊழியர்களில் பலர் அரசின் சம்பளப் பட்டியலில் ஏறவே இல்லை. தொண்டு நிறுவனங்களும் கொடையாளர்களும் தரும் ஊக்கத்தொகையிலேயே காலம் தள்ளினார்கள். 2014 தொடக்கத்தில் அவர்கள் சம்பளம் கேட்டுப் போராடினார்கள். சில வாரங்களில் எபோலா வந்தது. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குச் சுமார் ஐம்பது மருத்துவர்கள். லைபீரியாவில் ஏறத்தாழ 4,800 பேர் இறந்தார்கள், மருத்துவ ஊழியர்கள் பலர் கையுறைகூட இல்லாமல் தொற்றுக்கு ஆளாகி மடிந்தார்கள். சம்பளம் ஒழுங்காக வந்திருந்தால் எபோலா வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டு அமைதியிலும் உதவியிலும் அவர்களை நிலையான ஊழியர்களாக்க முடியாமற்போனதைத்தான் சொல்கிறேன்.

இலங்கையின் வடக்கும் கிழக்கும் இக்கேள்விக்கு அரிய சான்று. போர்க்காலம் நெடுகிலும், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும்கூட, பள்ளி ஆசிரியர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் மாவட்டச் செயலக (கச்சேரி) அலுவலர்களுக்கும் கொழும்பு அரசே சம்பளம் கொடுத்துவந்தது. அதே அரசுதான் மருந்தையும் உணவையும் மட்டுப்படுத்தியது. அதன் எறிகணைகள் மருத்துவமனைகள்மீது விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. இந்த முரணை மறக்கக் கூடாது. ஆனால் சம்பளப் பட்டியல் அறுபடாததால், போர் முடிந்த 2009க்குப் பின் பள்ளிகள் வேகமாகத் திறந்தன. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஆசிரியர் ஊர் திரும்பும்போது வேலையோடு திரும்பினார். இந்தியா 50,000 வீடுகளுக்கு உதவியது, பெரும்பாலானவற்றில் 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே போனது. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.

அரசுச் சம்பளம் இல்லாத குடும்பங்களின் கதை வேறு. கணவனை இழந்த பெண்கள், கடலையும் காணியையும் இழந்தவர்கள் கையில் மாதாந்தப் பணம் இல்லை. புதிய சாலை வழியே முதலில் வந்தவை நுண்கடன் நிறுவனங்களும் லீசிங் கம்பெனிகளும். வாரத் தவணை கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மற்றொன்று என்று வன்னிப் பெண்கள் சிக்கினார்கள். 2018இல் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பெண்களின் நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. சாலை போட்டவர்கள் அந்தச் சாலையில் நடப்பவரின் வருமானத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

மீண்டும் ஆப்கானிஸ்தான். 2003இல் வகுத்த அடிப்படை சுகாதாரத் தொகுப்பு உண்மையிலேயே நல்ல திட்டம். என்னென்ன சேவை, எத்தனை ஊழியர், என்ன மருந்து என்று அரசு தீர்மானித்தது. தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் நடத்தின. பிரசவ மரணங்களும் குழந்தை மரணங்களும் குறைந்தன. அவசர காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஒப்பந்த முறை இருபது ஆண்டு நீடித்ததால், அரசு தன் செவிலியருக்குத் தானே சம்பளம் கொடுக்கக் கற்கவே இல்லை. காபூலில் அரசு ஊழியர் மாதம் 50 டாலர் வாங்கியபோது வெளிநாட்டு அமைப்புகளின் துணைப் பணியாளர் 1,000 டாலர்வரை வாங்கினார் என்று அஷ்ரப் கனி, தான் அதிபராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தார். காவலர் சம்பளத்தைக் கைப்பேசி வழியே நேரடியாக அனுப்பிப் பார்த்த சோதனையில், சிலர் தங்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிட்டதாக எண்ணினார்கள். அதுவரை மேலதிகாரி எடுத்துக்கொண்ட பங்கு அவ்வளவு. சம்பளம் கொடுப்பது மட்டும் போதாது, உரியவர் கைக்குப் போகும் வழியையும் சேர்த்தே கட்ட வேண்டும்.

காலக்கணக்கும் தவறாகவே இருக்கிறது. பொருளியலாளர்கள் பால் காலியரும் ஆங்கே ஹோஃப்லரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, போர் முடிந்த முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டால் உதவியை உள்வாங்க முடிவது வழக்கமான அளவே. நான்காம் ஆண்டிலிருந்துதான் அத்திறன் இருமடங்காகிறது. ஆனால் உலகத்தின் கவனமும் பணமும் முதலிரண்டு ஆண்டுகளில் குவிந்து, நான்காம் ஆண்டில் வேறு போரைத் தேடிப் போய்விடுகின்றன. நிறுவனங்களைச் சீராக்க, இருபதாம் நூற்றாண்டில் மிக வேகமாக மாறிய நாடுகளுக்கே 15 முதல் 30 ஆண்டுகள் பிடித்தன என்று உலக வங்கியின் 2011 வளர்ச்சி அறிக்கை சொல்கிறது. உதவித் திட்டங்களோ மூன்றாண்டு, ஐந்தாண்டு. 2010இல் டிலியில் கூடி ‘ஜி7 பிளஸ்’ என்ற பெயரில் அணிசேர்ந்த போர்வடு நாடுகள், உதவி எங்கள் கருவூலத்தின் வழியாக வரட்டும், எங்கள் திட்டத்தைப் பின்பற்றட்டும் என்று கேட்டன. அடுத்த ஆண்டு பூசான் மாநாட்டில் கொடையாளர்கள் அதை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். நடைமுறையில் கருவூலத்தைத் தவிர்ப்பது தொடர்ந்தது.

முடியாது என்பதல்ல காரணம் என்று உக்ரைன் காட்டிவிட்டது. போர் தொடங்கிய சில மாதங்களில், 2022 ஜூனில், உலக வங்கி தொடங்கிய திட்டம் உக்ரைனின் அரசு ஊழியர், ஆசிரியர், பின்னர் மருத்துவப் பணியாளர், தீயணைப்பு வீரர் சம்பளங்களை ஏற்றது. உக்ரைன் அரசு முதலில் சம்பளம் கொடுக்கிறது. கணக்கு சரிபார்த்த பிறகு பணம் வந்துசேர்கிறது. பல நாடுகளின் பணம் இந்த ஒரே வழியாகப் போகிறது. குண்டுகள் விழும் நாட்களிலும் பள்ளிகள் நடப்பதற்கு இது ஒரு காரணம். அதற்கு உரிய பதிவேடுகளும் வங்கி அமைப்பும் உக்ரைனிடம் ஏற்கெனவே இருந்தன என்பது உண்மை. அதே உலகம், 2016இல் ஏமனின் மத்திய வங்கி சனாவிலிருந்து ஏடனுக்கு மாறியபின் வடக்கில் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் முழுச் சம்பளமின்றி வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்கு வைக்கத் தெரியாத அரசு என்றால் கணக்கு வைக்கக் கற்றுக்கொடுப்பதே முதல் உதவியாக இருக்க வேண்டும். சியரா லியோனில் அதைத்தான் செய்தார்கள்.

இப்போது சிரியா. அசாத் ஆட்சி 2024 டிசம்பரில் வீழ்ந்த சில மாதங்களில், உலக வங்கிக்குச் சிரியா தரவேண்டிய சுமார் 1.55 கோடி டாலர் பாக்கியை சவுதி அரேபியாவும் கத்தாரும் கட்டின. பெரிய மின் நிலையத் திட்டங்கள் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2025 மே மாதத்தில், சுகாதாரம், கல்வி உள்ளிட்ட துறைகளின் சம்பளத்துக்கு மாதம் 2.9 கோடி டாலர் என்று கத்தார் முன்வந்தது. தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள். அறிவித்த காலம் மூன்று மாதங்கள், நீட்டிக்கலாம் என்ற குறிப்போடு. சிரியாவின் நிதியமைச்சகம் அந்த நீட்டிப்புகளுக்கிடையே தன் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்து, வரி வசூலைத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு பங்காகப் பொறுப்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்ளும் உடன்பாட்டைப் பத்தாண்டுக் கணக்கில் கேட்டுப் பெற வேண்டும். அமெரிக்காவின் உதவி நிறுவனமே 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்ட நிலையில், அப்படி எழுதிக்கொடுக்க எந்தத் தலைநகரம் முன்வரும் என்பது இன்னும் திறந்தே இருக்கிறது.